புள்ளிகள் காட்டிய உறவு

உயரமான பெற்றோருக்கு உயரமான பிள்ளைகள் பிறப்பர் என்பது ஊரறிந்த செய்தி. அவ்வுறவு எவ்வளவு வலியது என்பதை எண்ணால் அளக்க முற்பட்டவர் இங்கிலாந்து அறிஞர் பிரான்சிஸ் கால்டன். அவர் 1822ஆம் ஆண்டு பர்மிங்காம் நகருக்கு அருகே பிறந்தார். அவருக்கும் உயிரியல் அறிஞர் சார்லஸ் டார்வினுக்கும் பாட்டனார் ஒருவரே. கால்டன் முதலில் மருத்துவம் பயின்றார். பின்பு கேம்பிரிட்ஜில் கணிதம் கற்றார். தந்தை விட்டுச்சென்ற செல்வம் பிழைப்புக் கவலையை நீக்கியது. கண்ணில் பட்டவற்றை எல்லாம் எண்ணுவதும் அளப்பதுமே அவர் வாழ்வாயிற்று.

205 பெற்றோர் இணையரின் உயரங்களையும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேரின் உயரங்களையும் அவர் திரட்டினார். பெண்களின் உயரத்தை 1.08ஆல் பெருக்கி ஆண்களின் உயரத்தோடு ஒப்பிடத்தக்கதாக்கினார். பெற்றோர் உயரத்தை ஓர் அச்சிலும் பிள்ளைகள் உயரத்தை மற்றோர் அச்சிலும் கொண்டு கட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் அடங்குவர் என எழுதினார். அடுத்தடுத்த நான்கு கட்டங்களின் எண்களைக் கூட்டி, சம எண்களைக் கோட்டால் இணைத்தபோது, ஒன்றனுள் ஒன்றாக நீள்வட்டங்கள் தோன்றின! கணித அறிஞர் ஹாமில்டன் டிக்சன் அதனைக் கணக்கிட்டு உறுதிசெய்தார். 1886இல் அம்முடிவுகள் வெளிவந்தன. மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமானவர்களே. எனினும் பெற்றோரைவிடச் சராசரிக்கு நெருங்கியிருந்தனர்.

இன்றைய சிதறல் விளக்கப்படத்தில் கட்டத்திற்கு மாறாக ஒவ்வோர் இணைக்கும் ஒரு புள்ளி இடுகிறோம். புள்ளிக்கூட்டம் இடமிருந்து வலமாக மேலேறினால் நேர்மறை ஒட்டுறவு. கீழிறங்கினால் எதிர்மறை ஒட்டுறவு. திசையின்றிப் பரவிக் கிடந்தால் ஒட்டுறவு இல்லை. கூட்டம் ஒரு நேர்க்கோட்டை ஒட்டி ஒடுங்க ஒடுங்க, உறவின் வலிமை மிகும். 1888இல் உயரத்துக்கும் முன்கை நீளத்துக்கும் உள்ள ஒட்டுறவை ஏறத்தாழ 0.8 எனக் கால்டன் கணித்தார். 1896இல் கார்ல் பியர்சன் அதற்கு இன்று வழங்கும் சூத்திரத்தைத் தந்தார்.

இரண்டு அளவுகள் சேர்ந்து மாறுவதைப் புள்ளிகள் காட்டும், காரணத்தைக் காட்டா. பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பெறுவன குருதியோடு நிற்பதில்லை. உணவும் கல்வியும் செல்வமும் அவ்வழியே வருகின்றன. தந்தையின் செல்வத்தால் ஆய்வு செய்தவருக்கே இது புலப்படாமற்போனது வியப்பு. அறிவாற்றல் பெரும்பாலும் பிறப்பால் வருவதெனக் கருதிய அவர், தகுதியுடையோர் மட்டுமே பெருக வேண்டும் என்னும் இனமேம்பாட்டுக் கொள்கைக்கு 1883இல் பெயர் சூட்டினார். பின்னாளில் அக்கொள்கையின் பெயரால் பல நாடுகளில் எளிய மக்கள் கட்டாயக் கருத்தடைக்கு ஆளாயினர்.

மகப்பேறில்லாத கால்டன் 1911இல் மறைந்தார். தன் விரிவுரை அரங்கு ஒன்றுக்கு இட்டிருந்த அவர் பெயரை இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி 2020இல் நீக்கியது.