பள்ளத்தில் ஒளி கண்ட காமராசர்

குழித்தறியில் கால் இறக்கிப் பட்டு நெய்யும் ஆரணித் தோழர்களே! துணிக்கடையில் வேலை பார்த்த சிறுவன் ஒருவன் மண்ணுக்குள்ளிருந்து மின்னொளி எடுக்கும் பெரும்பணிக்குத் துணை நின்ற வரலாறு, நம் போன்ற உழைப்பாளர் அனைவரும் அறிய வேண்டிய வரலாறு.

1903இல் விருதுநகரில் பிறந்தார் காமராசர். தந்தை மறைந்தார், பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது, மாமன் துணிக்கடை வாழ்வளித்தது. பின்னர் விடுதலைப் போர், ஏறத்தாழ ஒன்பது ஆண்டுச் சிறை. பட்டமில்லை, பரம்பரைச் செல்வமில்லை. எனினும் 1954இல் முதலமைச்சரானார்.

அந்நாளில் நம் நாட்டு ஆலைகளுக்கு வடக்கிலிருந்து இரயிலேறிக் கரி வரவேண்டும். நம் மண்ணில் கரி இல்லையா? இருந்தது! 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்கனார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் தலைகாட்டியது. ஆய்வுக்காக அந்தப் பெருமகன் நிலமும் வழங்கினார்.

கண்டது எளிது, எடுப்பதோ கடிது. மேலே இறுகிய மணற்பாறை. கீழே அழுத்தம் மிகுந்த ஊற்றுநீர். மேல்மண்ணை அகற்றினால், தளத்தைப் பிளந்து வெள்ளம் பொங்கும். எனவே சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்து, இரவு பகலாக நீரை இறைத்து, அழுத்தத்தைத் தணித்தார்கள். பம்பு நின்றால் சுரங்கம் ஏரியாகும்! ஜெர்மானிய வாளிச்சக்கர இயந்திரங்கள் மண்ணை வாரின. ஓடும் பட்டை அதைச் சுமந்தது. எடையில் ஏறத்தாழ பாதி நீரே கொண்ட பழுப்புக் கரியைப் பொடித்து, உலர்த்தி, அழுத்திக் கட்டிகளாக்கும் ஆலையும் பிறகு எழுந்தது.

காமராசர் அமைச்சரவை டில்லியை விடாது வற்புறுத்தியது. 1956இல் நிறுவனம் தோன்றியது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் கரி வெளிப்பட்டது. 1962இல், சோவியத் துணையோடு அமைந்த நிலையத்தில், மின்சாரம் பிறந்தது.

1967இல் சொந்த ஊரிலேயே நம் கழகத்து இளைஞரிடம் தோற்றார். 1975 அக்டோபர் 2 அன்று மறைந்தார். சென்னையில் அவர் வாழ்ந்தது வாடகை வீடு. எதிரணியில் நின்றவர்தான், எனினும் ஏழைக்காக உழைத்தவரைப் போற்றாவிட்டால் நமக்கேது நாகரிகம்?

ஆனால் போற்றுதல் மாலையோடு முடியலாமா? நெய்வேலி ஒளிக்காக ஊரிழந்தோர், உழவிழந்தோர் ஆயிரமாயிரம். 2023 சூலையில் வளையமாதேவியில், நெற்பயிர் நின்ற வயலிலேயே கால்வாய் தோண்ட இயந்திரங்களை இறக்கியது ஒன்றிய அரசின் நிறுவனம். நீரின் அழுத்தத்தைத் தணிக்கத் தெரிந்த அறிவுக்கு, நிலம் தந்தவன் நெஞ்சின் அழுத்தம் தெரியவேண்டாமா? உரிய விலையும் உறுதியான வேலையும் அவன் கேட்கும் பிச்சையல்ல. அவனுக்கு நாடு பட்ட கடன். அதைத் தீர்ப்பதே காமராசருக்குச் செய்யும் சிறப்பு!