தடுமாறிய ஒரு குண்டும் 436 உயிர்களும்: ஜிம் கார்பெட்டின் வாழ்க்கை

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குப் புலிக் கதைகள் புதிதல்ல. விடியுமுன் பால்மரம் சீவப் போனவர்கள் சேற்றில் காலடித் தடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிய கதையை ஏதாவதொரு தாத்தா சொல்லக் கேட்டிருப்போம். அந்தக் கதைகளில் குற்றவாளி எப்போதும் புலிதான். ஆட்கொல்லிகளைத் தேடிச் சுட்ட ஜிம் கார்பெட் கண்டது வேறு. பல சமயங்களில் குற்றம் துப்பாக்கி பிடித்த கையில் இருந்தது.

ஜேம்ஸ் எட்வர்ட் கார்பெட் 1875 ஜூலை 25ஆம் நாள் இமயமலை அடிவாரத்தில் உள்ள நைனிடாலில் பிறந்தார். தந்தை அந்த ஊர்த் தபால் நிலைய அதிகாரி. பிள்ளைகள் நிறைந்த குடும்பம். ஜிம் சிறுவனாக இருக்கும்போதே தந்தை காலமானார். குளிர்காலத்தில் குடும்பம் காலாடுங்கி என்ற அடிவார ஊருக்கு இறங்கிவிடும். வீட்டைச் சுற்றிக் காடு. பறவையின் குரலையும் மானின் எச்சரிக்கை ஒலியையும் அங்கேதான் அவர் கற்றுக்கொண்டார்.

முதல் துப்பாக்கி உறவினர் ஒருவர் கொடுத்தது. இரட்டைக் குழலில் ஒன்று வெடித்துப் பிளந்தது. குழலையும் கட்டையையும் பித்தளைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். சிறுவனுக்கு அதைத் தூக்குவதே பெரும்பாடு. மருந்தும் ரவையும் கிடைப்பது அரிது. ஒன்றைக்கூட வீணாக்கக் கூடாது என்ற கட்டாயம், சரியாகக் குறி படியும்வரை காத்திருக்கும் பழக்கத்தைக் கொடுத்தது.

பதின்ம வயதைத் தாண்டுமுன் ரயில்வே வேலைக்குப் போனார். பின்னர் கங்கைக் கரையில் மொகாமே காட் என்ற இடத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தத்தை எடுத்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கூலித் தொழிலாளர்களோடு அங்கே வாழ்ந்தார். அவர்களைப் பற்றிப் பின்னாளில் மரியாதையோடும் அன்போடும் எழுதினார்.

1907இல் சம்பாவத் பெண்புலியைச் சுட அழைப்பு வந்தது. நேபாளத்தில் 200 பேரையும் குமாவுன் பகுதியில் 236 பேரையும் கொன்ற புலி அது. கடைசிக் கட்டத்தில் கார்பெட் கொண்டு போன மூன்று தோட்டாக்களும் தீர்ந்துவிட்டன. ஓடிப்போய் தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கி வந்து, சில அடி தூரத்தில் நின்ற புலியின் வாயைக் குறிபார்த்தார். குண்டு போய்த் தைத்ததோ முன்னங்காலில். முந்தைய காயங்களால் புலி ஏற்கெனவே சாகும் நிலையில் இருந்ததால் அவர் தப்பினார்.

இறந்த புலியின் வாயைத் திறந்து பார்த்தார். வலப்பக்கக் கோரைப்பற்களில் மேல் பல் பாதி உடைந்திருந்தது, கீழ்ப் பல் எலும்புவரை போயிருந்தது. யாரோ எப்போதோ சுட்ட குண்டு. வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் போனதால்தான் அது மனிதர் பக்கம் திரும்பியது என்று கார்பெட் முடிவுக்கு வந்தார். எவனோ ஒருவனின் கை ஆடியதற்கு விறகு பொறுக்கப் போன பெண்களும் புல் அறுக்கப் போன பெண்களும் உயிரை விலையாகக் கொடுத்தார்கள்.

அந்தப் புலியைச் சுட்டதற்குப் பரிசாக .275 ரிக்பி துப்பாக்கி கிடைத்தது. எடை குறைந்தது, கைக்கு அடக்கமானது. 1926இல், 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாக் சிறுத்தைக்காகப் பல இரவுகள் மாமரத்தில் காத்திருந்து, ஒரே குண்டில் அதை முடித்தார்.

நின்றபடி வெறுங்கையால் சுட்டால் மூச்சும் இதயத் துடிப்பும் குழல்முனையை ஆட்டும். மேடேறி மூச்சு வாங்கும்போது கேட்கவே வேண்டாம். அதனால்தான் வேட்டைக்காரர்கள் பாறையையும் மரக்கவையையும் தேடினார்கள். எதுவும் இல்லாத இடத்துக்குக் கோல்களைக் கொண்டு போனார்கள். ஒற்றைக் கோல் தூக்கிப்போக எளிது, ஆனால் பக்கவாட்டில் ஆடும். இரண்டு கோல்களைக் குறுக்காகக் கட்டினால் அந்த ஆட்டம் குறையும். மூன்று கோல்களை மேலே கட்டி விரித்தால் உறுதி அதிகம். சுமையும் அதிகம், விரிக்க நேரமும் பிடிக்கும். புதர் உயர்ந்த இடத்தில் நின்று சுட வேண்டியிருப்பதால் கோல் தோள் உயரம் இருக்க வேண்டும். குழலைக் கோல்மீது வைக்கக் கூடாது, குண்டு விலகிப் போகும். குழலுக்கு அடியில் உள்ள மரக்கட்டைதான் தாங்கலில் படிய வேண்டும். தாங்கல் கடினமாக இருந்தால் இடையில் தொப்பியோ துணியோ வைப்பது பழைய பழக்கம். செம்பனைக் கன்றுகளைத் தோண்டும் காட்டுப்பன்றிக்காக உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அடிபட்டு ஓடும் பன்றி மறுநாள் யாரைக் குத்தும் என்று யாருக்கும் தெரியாது.

எந்தத் தாங்கலும் இல்லாத நேரமும் கார்பெட்டுக்கு வந்தது. 1930இல் 64 பேரைக் கொன்ற சௌகர் பெண்புலி, பாறையைத் திரும்பியதும் எட்டடி தூரத்தில் படுத்திருந்தது. இடக்கையில் பறவை முட்டைகள், வலக்கையில் ரிக்பி. புலி கவனிக்காத அளவுக்கு மெதுவாக ஒரே கையால் துப்பாக்கியைச் சுழற்றிச் சுட்டார். புலி அங்கேயே விழுந்தது. அது அரிதிலும் அரிது. இன்னொருவர் அதை நம்பிக் காட்டுக்குப் போகக் கூடாது.

நாளடைவில் கார்பெட்டின் கைக்குச் சினிமா கேமரா வந்தது. பொழுதுபோக்குக்காகப் புலியைச் சுடுவதை எதிர்த்துப் பேசினார். காட்டு விலங்குகளுக்கென ஒரு பூங்கா வேண்டும் என்று பாடுபட்டார். அது 1936இல் அமைந்தது. இரண்டாம் உலகப் போரில் பர்மா செல்லும் வீரர்களுக்குக் காட்டில் பிழைக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார். 1944இல் குமாவுன் ஆட்கொல்லிகள் பற்றிய நூல் வெளிவந்து உலகப் புகழ் தந்தது. 1947இல் தமக்கை மேகியுடன் கென்யாவின் நியேரிக்குக் குடிபெயர்ந்து, 1955 ஏப்ரல் 19ஆம் நாள் அங்கேயே மறைந்தார். சாரணர் இயக்கத் தந்தை பேடன் பவல் அடக்கமான அதே இடுகாட்டில்தான் அவரும் உறங்குகிறார். சில ஆண்டுகளில் அந்தப் பூங்காவுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. 1973இல் இந்தியாவின் புலிப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியதும் அங்கேதான்.

நமக்கும் அவருக்கும் ஓர் உறவு உண்டு. இந்தோசீனப் புலி இனத்துக்கு அறிவியல் பெயரில் கார்பெட்டின் பெயர்தான். 2004இல் மலாயாப் புலி தனித் துணையினம் எனப் பிரிக்கப்படும்வரை, நம் காட்டுப் புலியும் அவர் பெயரையே சுமந்தது. தேசியச் சின்னத்தில் இரண்டு புலிகள் நிற்கின்றன. காட்டிலோ 150க்கும் குறைவாகவே மிஞ்சியுள்ளன என்கிறது கணக்கெடுப்பு.

இன்று இங்கே புலியைச் சுடுவது சட்டப்படி குற்றம். தோட்டத்துப் பக்கம் தடம் தெரிந்தால் நாமே துப்பாக்கி எடுக்காமல், வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குத் தகவல் சொல்வதே சரி. குறி தவறிய ஒரு குண்டு என்ன செய்யும் என்பதை 436 குடும்பங்கள் ஏற்கெனவே அனுபவித்துவிட்டன.