கே.சி.எஸ்.பணிக்கர்: தந்தி ஆபீஸ் வேலையை விட்டவர், ஈஞ்சம்பாக்கம் மணலில் ஓவியர்களுக்கு ஊர் அமைத்த கதை

நாவலூரில் ஐ.டி. வேலை பார்ப்பவர்களில் பலருக்கு ஈ.சி.ஆர். என்றால் கடற்கரை, ஹோட்டல், வார இறுதி. ஓ.எம்.ஆரில் வடக்கே வந்து, சோழிங்கநல்லூர் சந்திப்பில் வலப்பக்கம் திரும்பி, பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டினால் அக்கரை. அங்கிருந்து இடப்பக்கம், திருவான்மியூர் திசையில் கொஞ்ச தூரம் போனால் ஈஞ்சம்பாக்கம். சாலையோரத்திலேயே சோழமண்டல் ஓவியர் கிராமத்தின் நுழைவாயில் இருக்கிறது. தினமும் அதைக் கடந்து போகிறவர்கள்கூட உள்ளே எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

2009-ல் இங்கே ஓர் அருங்காட்சியகமும் இரண்டு காட்சியறைகளும் கொண்ட கலை மையம் திறக்கப்பட்டது. அருங்காட்சியகத்துக்குச் சூட்டப்பட்ட பெயர், 1977-லேயே மறைந்துவிட்ட ஒரு ஓவிய ஆசிரியருடையது. யார் அவர்? எதற்காக அவர் பெயர்?

யார் இந்தப் பணிக்கர்?

கே.சி.எஸ்.பணிக்கர் 1911 மே மாதம் கோயம்புத்தூரில் பிறந்தார். மலையாளக் குடும்பம். பள்ளிப் படிப்பு பொன்னானியிலும் கோவையிலும் நடந்தது. பன்னிரண்டு வயதிலேயே இயற்கைக் காட்சிகளை வண்ணத்தில் வரைய ஆரம்பித்துவிட்டார். பதின்பருவம் முடியும் முன்பே அவருடைய படங்கள் மெட்ராஸில் நடந்த கண்காட்சிகளில் இடம்பெற்றன. தென்னந்தோப்பு, கால்வாய், வள்ளம் என்று கேரளத்துக் கரைகள்தான் அந்த நாட்களில் அவருக்குப் பிடித்த விஷயம்.

ஆனால் நேராக ஓவியக் கல்லூரிக்குப் போகிற வாய்ப்பு அமையவில்லை. தந்தை இறந்ததும் படிப்பு நின்றது. குடும்பத்தைப் பார்க்க வேண்டும். தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். வரைய வேண்டிய வயதில் சில வருடங்கள் ஆபீஸிலேயே போய்விட்டன.

1936-ல், 25 வயதில்தான் எழும்பூரில் இருந்த அரசு ஓவியப் பள்ளிக்குள் மாணவராக நுழைந்தார். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. பணிக்கர் சேர்ந்தபோது முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

படிப்பு முடிந்த கையோடு அதே பள்ளியில் ஆசிரியரானார் பணிக்கர். 1957-ல் ராய் சௌத்ரி ஓய்வு பெற்றபோது முதல்வர் நாற்காலி இவருக்கு வந்தது. அடுத்த பத்து வருடங்கள் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

லண்டன் பயணம் என்ன செய்தது?

பணிக்கர் பள்ளிக்குள் மட்டும் இருந்துவிடவில்லை. 1944-ல் மெட்ராஸில் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். கல்கத்தா ஓவியர்கள் முந்தைய வருடம்தான் ஒரு குழுவாகச் சேர்ந்திருந்தார்கள். பம்பாயின் புகழ்பெற்ற குழு உருவானது 1947-ல். ஆக, காலத்தில் மெட்ராஸ் பின்தங்கியிருக்கவில்லை. ஆனால் பத்திரிகை வெளிச்சமும், படம் வாங்கும் பணக்காரர்களும் பம்பாயிலும் டெல்லியிலும்தான் இருந்தார்கள். அந்தக் குறையைக் கொஞ்சமாவது ஈடுகட்ட 1961-ல் 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்ற ஆங்கில இதழையும் சங்கம் கொண்டுவந்தது.

1954-ல் லண்டனிலும் பாரிஸிலும் பணிக்கரின் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதுவரை வான்கோ, கோகன் போன்ற ஐரோப்பிய மேதைகளின் பாதிப்பு அவருடைய தூரிகையில் நன்றாகவே தெரிந்தது. ஐரோப்பிய மொழியில் வரைந்த படத்தை ஐரோப்பாவிலேயே கொண்டுபோய் வைத்தால், அதில் இந்தியா எங்கே என்ற கேள்வி வரத்தானே செய்யும்? அந்தக் கேள்வி அவரை விடவில்லை. நாடு திரும்பிய பிறகு பல வருடங்கள் அதற்கான பதிலைத் தேடிக்கொண்டிருந்தார்.

பதில் 1963 வாக்கில் கிடைத்தது. 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசைப் படங்களை அப்போதுதான் தொடங்கினார். ஜாதகக் கட்டம் மாதிரி கோடுகள், கணக்கு நோட்டில் வரும் எண்கள், வடிவியல் உருவங்கள், இடையில் மலையாள எழுத்துகள். அந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் பொருள் கிடைக்காது, கிடைக்க வேண்டும் என்று அவர் எழுதவும் இல்லை. ஓலைச்சுவடியையோ பஞ்சாங்கத்தையோ புரட்டும்போது, படிக்கத் தெரியாவிட்டாலும் ஏதோ முக்கியமான விஷயம் இருக்கிறது என்று தோன்றுமே, அந்த உணர்வைத்தான் படமாக்கினார். நம் வீடுகளில் கிடக்கும் காகிதங்களிலிருந்தே ஒரு நவீன ஓவிய மொழி கிடைத்தது.

ஊர் எதற்கு?

இதற்கிடையில் முதல்வர் பணிக்கருக்கு இன்னொரு கவலை. பள்ளியில் நல்ல மாணவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். படித்து முடித்ததும் அவர்கள் எங்கே போவது? படம் விற்றுப் பிழைப்பது அன்றைய மெட்ராஸில் நடக்கிற காரியமா என்ன? கேலரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எண்ணெய் வண்ண ஓவியத்துக்குக் காசு கொடுக்கும் வீடுகள் அதைவிடக் குறைவு. கைத்திறன் இருந்தவர்கள் விளம்பரம், துணி வடிவமைப்பு, பள்ளியில் டிராயிங் மாஸ்டர் என்று கிடைத்த வேலைக்குப் போனார்கள். வேலைக்குப் போன பிறகு வரைவது ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரமாகிவிடும். தந்தி ஆபீஸில் சில வருடங்களைத் தொலைத்தவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அரசு மானியமோ புரவலரோ வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. ஓவியரின் கையில் ஏற்கெனவே இருக்கும் திறமையை வைத்தே சம்பாதிக்க வழி தேடினார். கிடைத்தது பாத்திக்.

பாத்திக் என்றால் என்ன?

துணியில் வண்ணம் ஏறக் கூடாத இடங்களில் உருக்கிய மெழுகைப் பூசுவார்கள். பிறகு சாயத்தில் முக்கினால் மெழுகு இல்லாத இடத்தில் மட்டும் நிறம் பிடிக்கும். அடுத்த நிறத்துக்கு மறுபடி மெழுகு, மறுபடி சாயம். மெழுகு அங்கங்கே வெடித்த இடங்களில் சாயம் கசிந்து நரம்பு மாதிரி மெல்லிய கோடுகள் விழும். கடைசியில் சுடுநீரில் மெழுகை எடுத்துவிட்டால் துணி தயார்.

கோடு போடத் தெரிந்தவருக்கு இது சுலபமாகக் கைவரும். வாங்குகிறவருக்கும் கட்டுப்படியாகும். பெரிய ஓவியத்தை வாங்க யோசிக்கும் நடுத்தர வீட்டுக்காரர் ஒரு சுவர்த் திரையை வாங்கிவிடுவார். பணிக்கரின் மாணவர்களும் நண்பர்களும் சேர்ந்து கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். பாத்திக்கும் மற்ற கைவினைப் பொருட்களும் செய்து, கண்காட்சி வைத்து விற்றார்கள். துணி நன்றாக விற்றது. அந்தப் பணத்தில் ஆளுக்குக் கொஞ்சம் பங்கிட்டுக் கரைத்துவிடாமல், நிலம் வாங்கினார்கள்.

1966: மணலும் சவுக்கும்

இன்று ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு கிரவுண்டு விலை கேட்டால் தலை சுற்றும். 1966-ல் அது நகரத்துக்கு வெளியே, மீனவர் குப்பங்களுக்கு நடுவில் இருந்த வெறும் மணல்வெளி. 30-க்கும் மேற்பட்ட ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து, ஏறத்தாழ பத்து ஏக்கர் வாங்கினார்கள். வீடு கட்டிக்கொள்ள ஆளுக்கு ஒரு மனை. பட்டறையும் காட்சியறையும் எல்லோருக்கும் பொது.

சோழர் காலத்துக் கடற்கரைப் பெயரான சோழமண்டலத்தையே ஊருக்கும் வைத்தார்கள். ஐரோப்பியர் வாயில் கோரமண்டலம் ஆனதும் இதே பெயர்தான்.

ஆரம்பத்தில் கீற்றுக் கொட்டகைகள்தான். மின்சாரம் உடனே வரவில்லை. கைவினை வேலைக்கு ஒரு நேரம், சொந்த ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் ஒரு நேரம் என்று நாளைப் பிரித்துக்கொண்டார்கள். கைவினை சோறு போட்டது, மிச்ச நேரம் அவரவர் கலைக்கு. பொதுக் காட்சியறையில் ஒரு படம் விற்றால், ஒரு பகுதி கிராமத்தின் பராமரிப்புக்குப் போகும். ஆக, அந்தச் சின்னக் காட்சியறை அழகுக்காக வைத்தது இல்லை. அதன் கதவு திறந்திருந்தால்தான் மொத்த ஊரும் நிற்கும்.

1967-ல் பணிக்கர் முதல்வர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். மிச்சமிருந்த பத்து வருடங்களில் அவருடைய கவனம் ஓவியத்திலும் இந்தக் கிராமத்திலும்தான்.

எல்லோருக்கும் கைகொடுத்ததா?

பலருக்குக் கைகொடுத்தது. ஜே.சுல்தான் அலி, ஜெயபால பணிக்கர், எம்.சேனாதிபதி, பி.கோபிநாத், பி.எஸ்.நந்தன், எஸ்.ஜி.வாசுதேவ் என்று நவீன இந்தியக் கலையில் பேசப்படும் பல பெயர்கள் இந்த மணலில் வேரூன்றியவை. கோடும், நம் மரபின் உருவங்களும் தூக்கலாகத் தெரியும் ஒரு பாணி வளர்ந்தது. இன்று மெட்ராஸ் கலை இயக்கம் என்று சொல்வது இதைத்தான்.

ஆனால் ஊர் அமைத்துவிட்டால் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடாது. வி.விஸ்வநாதன், அக்கித்தம் நாராயணன் போன்றவர்கள் பாரிஸுக்குப் போய்விட்டார்கள். பெண் கலைஞர்கள் அர்ணவாஸ், அனிலா ஜேக்கப் என்று மிகச் சிலரே. கே.ராமானுஜம் என்ற இளைஞரின் கதை இன்னும் வலிக்கக்கூடியது. பேச்சிலும் பழக்கத்திலும் மற்றவர்களோடு ஒட்ட முடியாமல் தவித்தவர். அவருடைய திறமையைக் கண்டுகொண்டு பள்ளியிலும் பிறகு சோழமண்டலிலும் இடம் கொடுத்தவர் பணிக்கர். கனவு நகரங்கள் மாதிரி மாடங்களும் கோபுரங்களும் நிறைந்த படங்களை வரைந்த ராமானுஜம், 1973-ல் இளம் வயதிலேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு கூரையும் ஒரு தூரிகையும் கொடுத்தால் மட்டும் ஒரு மனிதரைக் காப்பாற்றிவிட முடியாது என்பது அந்தச் சின்ன ஊருக்கு அப்போது தெரிந்தது.

1976-ல் லலித் கலா அகாதமி பணிக்கரைத் தன் ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுத்துக் கௌரவித்தது. 1977 ஜனவரியில், 65 வயதில், சென்னையில் அவர் காலமானார். இரண்டு வருடம் கழித்து கேரள அரசு திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவருடைய படங்களுக்கென்றே ஒரு காட்சியகம் திறந்தது.

மறுபடி கதவு திறந்தது எப்படி?

தொடங்கியவர் போன பிறகு ஒரு கலைக் கிராமம் என்ன ஆகும்? முதல் தலைமுறைக்கு வயதாகும். கைவினைக்கு இருந்த மவுசு குறையும். கடலோரம் என்பதால் இன்னொரு தொல்லை: உப்புக்காற்று. கம்பியும் ஆணியும் துருப்பிடிக்கும், ஈரத்தில் கேன்வாஸ் பூஞ்சை பிடிக்கும், சுவர் ஓதம் காக்கும், நேரடி வெயில் பட்டால் சாயம் வெளுக்கும். கடற்கரையில் ஒரு கேலரி வைத்திருப்பது, படகு வைத்திருப்பது மாதிரி. கட்டி முடித்ததும் வேலை முடியாது, பராமரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தப் பொறுப்பைப் பல வருடங்கள் சுமந்தவர்களில் முக்கியமானவர் பணிக்கரின் மகனும் உலோகச் சிற்பியுமான எஸ்.நந்தகோபால். கிராமத்தின் செயலாளராக இருந்த அவரும் சக கலைஞர்களும் எடுத்த முயற்சியில், 2009-ல் சோழமண்டல் சமகாலக் கலை மையம் திறக்கப்பட்டது. மெட்ராஸ் கலை இயக்கத்தின் படைப்புகளை நிரந்தரமாக வைக்கப் பணிக்கர் பெயரில் அருங்காட்சியகம், மாறி மாறி நடக்கும் கண்காட்சிகளுக்கு லேபர்னம், இண்டிகோ என்று இரண்டு காட்சியறைகள். வெளியே மரநிழலில் சிற்பத் தோட்டம்.

இந்த ஏற்பாட்டைக் கவனித்தால் பணிக்கரின் பழைய கணக்கு அப்படியே தெரியும். அருங்காட்சியகம் பழையதைக் காக்கிறது. காட்சியறைகள் இன்றைய ஓவியர்களுக்குச் சுவர் கொடுத்து, கிராமத்துக்கு வருமானமும் தேடித் தருகின்றன. 1960-களில் பாத்திக் செய்த வேலையை இப்போது அந்தச் சுவர்கள் செய்கின்றன.

நந்தகோபாலும் 2017-ல் மறைந்துவிட்டார். சுற்றிலும் பங்களாக்கள் எழுந்துவிட்டன. இன்று ஓவியக் கல்லூரியை முடித்து வரும் ஒரு பையனோ பெண்ணோ சேர்த்துவைத்த காசில் இந்தப் பக்கம் மனை வாங்குவது நடக்காது. பணிக்கர் கேட்ட கேள்வி, படித்து முடித்தவர்கள் எங்கே போவார்கள் என்பது, அவர்களுக்கு அப்படியேதான் இருக்கிறது. அடுத்த முறை அக்கரையில் இடப்பக்கம் திரும்பும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கி உள்ளே போனால், அந்தக் கேள்விக்கு ஒரு தலைமுறை கொடுத்த பதிலையாவது நேரில் பார்க்கலாம்.