அஞ்சாத நா: வி. கே. கிருஷ்ண மேனன்

1896இல் கோழிக்கோட்டில் தோன்றிச் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர் கிருஷ்ண மேனன். லண்டனில் பெலிகன் நூல் வரிசையின் தொடக்கப் பதிப்பாசிரியருள் ஒருவராய் எழுத்துலகை நன்கறிந்த அவரே, பின்னாளில் ஐ.நா. சபையில் பாரதத்தின் பிரதிநிதியாகி மேனாட்டு நிருபர்களோடு ஓயாது மல்லுக்கு நின்றது விந்தையே. கேள்வியில் குத்தல் தென்படின் எதிர்க்கேள்வியால் மடக்கிவிடுவார்.

1956இல் சூயஸ் படையெடுப்பைக் கண்டித்த வேகம் ஹங்கேரி விஷயத்தில் காணோமென்று அவ்வேடுகள் சாடின. அதில் நியாயமும் உண்டென்றே நாம் கருதுகிறோம். ஆயினும் 1957 ஜனவரியில் காஷ்மீருக்காக இரு நாளில் ஏறத்தாழ எட்டு மணி நேரம் வாதாடி மயங்கி வீழ்ந்தவரை எங்ஙனம் வெறுப்போம்?

1962 சீனப் போரின்போது நம் நாட்டு ஏடுகளும் அவர்மீது பாய்ந்தன. பாதுகாப்பு அமைச்சர் பதவி போயிற்று. 1974 அக்டோபர் 6ஆம் நாள் மறைந்தார்.