சன்னது இழந்த வக்கீல்

கரிசல் சீமையின் ஒட்டப்பிடாரத்தில் 1872-ல் பிறந்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. வக்கீலாக இருந்து சுதேசிக் கப்பல் விட்டார்.

1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இயந்திரத்தில் கை போனாலும் நஷ்டஈடு தரும்படி தொழிலாளருக்கென்று தனிச்சட்டம் இல்லாத காலம் அது. பிள்ளையவர்கள் முன்னின்றார். கூலி உயர்ந்தது; ஞாயிறு விடுமுறையும் கிடைத்தது.

மார்ச்சிலேயே அவர் கைதானார். சிறையில் செக்கிழுத்தார். வக்கீல் சன்னதும் பறிபோயிற்று. 1912-ல் விடுதலையானவரை வறுமை வாட்டியது.

தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1923-ல் பிறந்து, 1924 ஜூலையில் அமலுக்கு வந்தது. சன்னதைத் திரும்பப் பெற உதவிய வாலஸ் துரையின் நினைவாக, மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார் பிள்ளை. கோவில்பட்டியில் மீண்டும் வக்கீல் தொழில் நடத்தினார். 1936-ல் மறைந்தார்.

தொழிலாளிக்கும் உரிமை உண்டு என்று சட்டம் ஒப்புக்கொள்ளுமுன்பே அதற்காகப் போராடி, தம் பிழைப்பையே இழந்தவர் அவர்.