விஞ்ஞானி கூலூம்

பௌதிக வகுப்பில் நாம் அடிக்கடி உச்சரிக்கும் கூலூம், 1736இல் பிரான்சின் அங்கூலெம் நகரில் பிறந்த இராணுவப் பொறியாளர். ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த நம் புதுவையையும் மார்த்தினிக் தீவையும் 1763ஆம் ஆண்டு உடன்படிக்கை பிரான்சுக்கு மீட்டுத் தந்தது. அத்தீவில் கோட்டை கட்டச் சென்றவர், எட்டாண்டுகளில் உடல்நலம் குன்றித் திரும்பினார். எனினும் ஓயவில்லை. 1785இல் முறுக்குத் தராசைக் கொண்டு, மின்விசை தூரத்தின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் அமைவதை அளந்து காட்டினார்.

அவ்விதி புள்ளி மின்னூட்டங்களுக்கே உரியது. வளையமென்றால்? அதைச் சிறுசிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் விதியைப் பொருத்தித் தொகையிடுகிறோம். சீரான வளையத்தின் அச்சில் பக்கவாட்டுக் கூறுகள் ஒன்றையொன்று நீக்கிவிடும். அச்சுத் திசைக் கூறுகளே கூடும். மையத்திலோ புலம் பூச்சியம்! (இதை மறந்து மதிப்பெண் இழந்தோர் நம்மில் பலர்.)

1806இல் அவர் பாரிசில் காலமானார். மின்னூட்டத்தின் அலகு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.