சீனப் பெருஞ்சுவர் கோஷ்ட பாலர்

உதைபந்தாட்டத்தில் கோல் அடித்தவன் பெயரே எங்கும் முழங்கும். கோல் விழாமற் காத்தவனை நினைப்பார் சிலரே. அந்நியதிக்கு விலக்காய்ப் புகழெய்தியவர் வங்க நாட்டுக் கோஷ்ட பாலர்.

இவர் 1896ஆம் ஆண்டில், இப்பொழுது வங்காள தேசத்திலுள்ள போஜேஷ்வர் என்னும் ஊரிற் பிறந்தார். 1912இல், பதினாறு வயதளவில், கல்கத்தாவின் மோகன் பகான் கழகத்திற் சேர்ந்தார். முந்திய ஆண்டிலேதான் அக்கழகத்தார், பதினொருவருட் பதின்மர் வெறுங்காலினராய், கிழக்கு யார்க்ஷயர்ப் படையினரை 2–1 என வென்று ஐ. எப். ஏ. கேடயத்தைக் கைக்கொண்டிருந்தனர். நாடெங்கும் எழுந்த அவ்வாரவாரம் அடங்குமுன்னரே இவ்விளைஞர் களம் புகுந்தார். பிறர் ஈட்டிய பெரும்புகழைக் காத்து நிற்றல் எத்துணைச் சுமை!

பின்வரிசைக் காவலரான இவர், பூட்ஸ் அணிந்து பாய்ந்துவரும் பட்டாளத்தாரை வெறுங்காலுடன் எதிர்நின்று தடுப்பார். கண்டோர் வியந்து சீனப் பெருஞ்சுவர் என்றே அவரை அழைக்கலாயினர். 1921 முதல் 1926 வரை கழகத்தின் தலைவராகவும் விளங்கினார்.

ஆயினும் கல்கத்தாவில் ஆட்டக்காலம் மழைக்காலமன்றோ? உலர்ந்த தரையில் வெறுங்கால் விரைவுக்குத் துணை. சேற்றிலோ அதுவே பகை. மழைக்குப்பின் சங்கரன்கோவிற் கரிசலில் நடந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1923ஆம் ஆண்டுக் கேடய இறுதியாட்டத்தில், நீர் தேங்கிய களத்தில், மோகன் பகான் ஐரோப்பியரின் கல்கத்தாக் கழகத்திடம் 3–0 எனத் தோற்றது. அவ்வாண்டே பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையின் இறுதியாட்டம் வரை சென்றும் டர்ஹாம் படையினரிடம் வெற்றியை இழந்தது. பூட்ஸ் அணிந்திருப்பின் வென்றிருப்பாரே என்பார் உளர். பிள்ளைப்பருவந் தொட்டு வெறுங்காலாற் பழகிய ஆட்டத்தை ஒருநாளில் மாற்றுதல் எளிதன்று என்பதை அவர் எண்ணுவதில்லை.

1935இல் கோஷ்ட பாலர் ஆட்டத்தினின்று ஓய்ந்தார். கல்கத்தா லீக் பட்டம் கழகத்திற்கு முதன்முதல் வாய்த்தது 1939இல். கேடயம் மீண்டும் கிட்டியது 1947இல். இருபத்துமூன்றாண்டு உழைத்தும் இவ்விரண்டில் ஒன்றையேனும் அவர் கையிலேந்தவில்லை. பரிசுக் கோப்பைகளை எண்ணியே வீரரை மதிப்போர் இவரை யாங்ஙனம் மதிப்பரோ, அறியேன். வங்க மக்கள் எண்ணிப் பார்க்கவில்லை. 1911இன் வெற்றிவீரரோடு இவரையும் ஒருங்கே போற்றினர்.

1962இல் அரசாங்கம் பத்மஸ்ரீ விருதளித்தது. உதைபந்தாட்ட வீரருள் அதனை முதலிற் பெற்றவர் இவரே. 1976இல் காலமானார். கல்கத்தாவில் ஈடன் தோட்டத்திற்கு அண்மையில் அவர்தம் உருவச்சிலை நிற்கின்றது; 1998இல் அவர் நினைவாக அஞ்சல்தலையும் வெளிவந்தது.